அப்பாவின் தோணி போன தீவில் எங்கள் மணநாள்

"இப்ப நாம என்ன செய்யணும்?" என்று என் கணவர் கேட்டார்.

காலை ஆறேகால் மணி. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் ஒரு மரவீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கீழே இடுப்பளவுத் தண்ணீர். அடியில் கிடந்த மணலின் வரிகூடத் தெரிந்தது. பால் பாக்கெட் எடுக்க வேண்டாம், மோட்டார் போட வேண்டாம், யாருக்கும் சாப்பாடு கட்ட வேண்டாம்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருங்க" என்றேன்.

அவருக்கு அது பழக இரண்டு நாள் ஆனது. எனக்கும்தான்.

2001 தை மாதம் எங்களுக்குத் திருமணம். இந்தத் தையோடு இருபத்தைந்து ஆண்டுகள். இதற்கு முன் நாங்கள் இருவர் மட்டுமாக ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனபோது மாமியார், நாத்தனார், அவருடைய இரண்டு பிள்ளைகள் எல்லோரும் வேனில் வந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. நம் வீடுகளில் அப்படித்தான். பிறகு பிள்ளைகள், படிப்பு, வீட்டுக் கடன். என் கணவருக்கு மின்சாரத் துறையில் மின்பாதை ஆய்வாளர் வேலை. காற்று அடித்தால் ஊரே வீட்டுக்குள் வரும், அவர் வெளியே கிளம்புவார்.

வேலைக்குப் போக ஆரம்பித்த மகள்தான் பணத்தை முன்வைத்தாள். "அம்மா, இந்தத் தடவை கோயில் வேண்டாம், கல்யாண வீடு வேண்டாம். நீயும் அப்பாவும் மட்டும் எங்கயாவது போங்க." ஊட்டி, கோவா, அந்தமான் என்று வரிசையாகச் சொன்னாள். நான் யோசிக்காமல் மாலத்தீவு என்றேன்.

காரணம் என் அப்பா. தூத்துக்குடியில் வெங்காய மண்டி வைத்திருந்தார். பழைய துறைமுகத்திலிருந்து தோணியில் மாலத்தீவின் தலைநகர் மாலேக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றுவார். அவர் வாயில் அது 'மாலி'. திரும்பி வரும் தோணிக்காரர்கள் கொடுத்துவிடும் மாசிக் கருவாடு எங்கள் வீட்டுப் பரணில் எப்போதும் இருக்கும். கட்டை போல் காய்ந்து கிடக்கும் அதை உரலில் இடித்து, தேங்காயும் வற்றலும் சேர்த்து அம்மா சம்பல் அரைப்பாள். நாற்பது ஆண்டு சரக்கு அனுப்பிய அப்பா அந்த ஊரை ஒருதடவையும் பார்க்கவில்லை. "அங்க என்ன இருக்கு, மணலும் தண்ணியும்" என்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

திட்டத்தில் இல்லாத இரவு

திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்குப் பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போவதற்கு அதைவிட அதிக நேரமாகும். ஆனால் எங்கள் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அது ஏன் பெரிய விஷயம் என்பது மாலேயில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் பதிவு செய்திருந்த விடுதி தூரத்துப் பவளத்தீவு வளையம் (அட்டோல்) ஒன்றில் இருந்தது. அங்கே போக மிதவை விமானம். பதினைந்து பேர் உட்காரக்கூடிய ட்வின் ஆட்டர் விமானத்துக்குச் சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகளைக் கட்டியிருப்பார்கள். அது பகலில் மட்டுமே பறக்கும். தண்ணீரில் இறங்குவதால் விமானிக்குக் கண்ணால் அலை தெரிய வேண்டும். எங்களுக்கான கடைசி விமானம் கிளம்பிவிட்டது. விடுதியின் ஆள் மரியாதையாக, உறுதியாகச் சொல்லிவிட்டார்: நாளைக் காலை ஏழரை மணிக்கு முன் வழியில்லை, கட்டிய முதல் இரவுப் பணமும் திரும்பாது.

என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு ராத்திரிக் காசு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஹுல்ஹுமாலேயில் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தோம். விமான நிலையத் தீவோடு தரைவழியாகவே இணைந்த ஊர், பேருந்திலேயே போய்விடலாம். ஊர் என்று சொன்னாலும் அது மனிதன் செய்த தீவு. 1997-இல் கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டத் தொடங்கி, 2004-இல் மக்களைக் குடியேற்றினார்கள். மாலே நெருக்கடி தாங்காமல் பிதுங்கியதால் பக்கத்திலேயே ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள். இந்த நாட்டின் தரை சராசரியாகக் கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரம்தான். எங்கள் வீட்டுச் சன்னல் விளிம்பு அதற்கு மேலே இருக்கும்.

இரவு எட்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தோம். குடும்பம் குடும்பமாக ஸ்கூட்டரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடையில் ஒரு தட்டு நிறையப் பலகாரம் வைத்தார்கள். 'ஹெதிகா' என்று பொதுப்பெயர். பஜியா என்ற ஒன்று பார்க்கச் சமோசா போல, உள்ளே சூரை மீனும் வெங்காயமும். குல்ஹா என்பது உருண்டை, அதிலும் சூரை, தேங்காய், மிளகாய். கடித்தவுடனே அம்மாவின் சம்பல் வாசனை வந்தது. "மாசி" என்றேன் கடைக்காரரிடம். "மஸ், மஸ்" என்று அவர் தலையாட்டினார். திவேஹி மொழியில் மீனுக்கு மஸ் என்று பெயர். நம் மாசியும் அதுதான்.

அந்த மொழியைக் கவனித்துக் கேட்டால் தெரிந்த சொற்கள் தலைகாட்டும். அவர்களுடைய படகு 'தோனி'. குடிக்கும் இளநீர் 'குரும்பா', நமக்கோ குரும்பை பிஞ்சுத் தேங்காய். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் கடல் நடுவிலுள்ள பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை வென்றதாக வரும் இடம் இந்தத் தீவுகளைத்தான் குறிக்கிறது என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கு ராஜராஜனைவிட அப்பாவின் தோணிதான் பெரிது. கடை மூலையில் வெங்காய மூட்டை கிடந்தது. சாக்கில் இந்திய எழுத்து. என் கணவர் அதைக் காட்டி, "உங்க அப்பா நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காரு" என்றார். இழந்த காசை அதன் பிறகு அவர் பேசவில்லை.

வெங்காயம் இந்த நாட்டில் விளையும் பொருள் இல்லை. மீனும் தேங்காயும் தவிர ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வர வேண்டும். 2024-25 ஆண்டுக்கு மாலத்தீவுக்கென்று இந்தியா அனுமதித்த ஏற்றுமதி அளவு வெங்காயம் மட்டும் 35,749 டன். ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். மணலால் ஆன நாடு வீடு கட்ட நம் மணலை வாங்குகிறது. கடற்கரை மணலை அள்ளினால் தீவு கரைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தண்ணீரும் அப்படித்தான். 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தீப்பற்றியபோது தலைநகரமே குடிநீர் இல்லாமல் நின்றது. விமானத்திலும் கப்பலிலும் இந்தியா தண்ணீர் அனுப்பியது.

விலை கொடுத்து வாங்கும் தனிமை

மறுநாள் காலை மிதவை விமானத்தின் சன்னலோரம் உட்கார்ந்தேன். விமானி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். கீழே கரும் நீலத்தில் வெளிர்பச்சை வளையங்கள். வளையத்துக்குள் வளையம். எரிமலை கடலுக்குள் அமிழ, அதன் விளிம்பைச் சுற்றிப் பவளம் மேலே மேலே வளர்ந்ததால் உண்டான வடிவம் இது. அதற்கு உலகம் முழுக்க வழங்கும் அட்டோல் என்ற பெயரே இவர்கள் மொழியிலிருந்து போனதுதான். மொத்தம் ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகம். 2024-இல் வந்து போன பயணிகளோ 20 லட்சத்துக்கும் மேல்.

இங்கே விடுதி என்றால் ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதி. முதலாவது 1972-இல் மாலேக்குப் பக்கத்தில் முப்பது அறைகளோடு தொடங்கியது. அதன் பெயரும் குரும்பாதான். ஊர் இல்லாத தீவுகளை மட்டும் வெளிநாட்டவருக்கு விட்டார்கள். மது, நீச்சலுடை, வெளியார் பழக்கம் எதுவும் தங்கள் இஸ்லாமிய ஊர்களுக்குள் வரக் கூடாது என்பது நோக்கம். நீர்மேல் நிற்கும் வீடுகள் மாலத்தீவின் சொந்தக் கற்பனை இல்லை. 1967-இல் பசிபிக்கில் பிரெஞ்சுப் பாலினேசியத் தீவுகளில் முதலில் கட்டினார்கள். ஆனால் இன்று நீர்வீடு என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது மாலத்தீவுதான்.

எங்கள் அறையில் படுக்கைமேல் பூவிதழ்களால் '25' என்று எழுதியிருந்தார்கள். துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து வைத்திருந்தார்கள். அவருக்கு வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்தில் பந்தி முடிந்து பாத்திரம் எண்ணிய ராத்திரி நினைவு வந்தது.

பிறகு அந்த அமைதி. வாகனச் சத்தம் இல்லை, கடை இல்லை, விற்கக் கூப்பிடுபவர் இல்லை. மின்துறைக்காரருக்கு அந்த அமைதியில் ஒரு சின்ன உறுமல் கேட்டிருக்கிறது. இரண்டாம் நாள் மாலையே தீவின் நடுப்பக்கம் புதர் மறைவில் ஜெனரேட்டர் அறையைக் கண்டுபிடித்துவிட்டார். அனுமதி கேட்டு உள்ளே போய், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு ஒளி. மூன்று டீசல் ஜெனரேட்டர்கள், எண்ணெய் படகில் வருகிறது, குளிக்கும் தண்ணீர் கடல்நீரிலிருந்து எடுப்பது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அங்கேயே. "இது தீவு இல்ல, ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது" என்றார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகச் சரியான வர்ணனை அதுதான்.

இந்தக் கப்பலின் கட்டணம் விளம்பரத்தில் தெரியும் தொகை இல்லை. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், சுற்றுலாச் சேவை வரி 17 சதவீதம். பசுமை வரி என்று தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இது 2025 ஜனவரியில் இரண்டு மடங்கானது. மிதவை விமானக் கட்டணம் தனி, பல இடங்களில் அதுவே இரண்டு இரவு வாடகை அளவுக்கு வரும். முன்பதிவு செய்யும்போதே எல்லாம் சேர்த்த இறுதித் தொகையை எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, மகள் கேட்டாள். அதனால் தப்பித்தோம்.

பவளப்பார் உயிரோடிருந்தால்தான் தீவு

எனக்கு நீச்சல் தெரியும். கடற்கரை ஊர்ப் பெண், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு கடலில் இறங்கியதே கிடையாது. மூன்றாம் நாள் முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறப் படுத்தேன். முதல் சில நிமிடம் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம். அப்பளம் நொறுங்குவது போல. கிளிமீன்கள் கூட்டமாகப் பவளப்பாரைக் கடித்துக்கொண்டிருந்தன. கிளி அலகு போன்ற பல்லால் பவளத்தில் படிந்த பாசியைச் சுரண்டும்போது கல்லும் சேர்ந்து உள்ளே போகிறது. அரைபட்டு வெளியே வருவது வெள்ளை மணல். என் கண்ணெதிரே ஒரு மீன் பின்னால் புகைபோல் மணலை விட்டுவிட்டு நகர்ந்தது.

நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளைக் கடற்கரை பெருமளவு இந்த மீன்கள் அரைத்துப் போட்டது. மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீனின் பங்கு என்று கணக்கிட்டது. பவளம் செத்தால் மீன் போகும், மீன் போனால் மணல் வரவு நிற்கும். கடல் சூடானால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துவிடுகிறது. 1998-லும் 2016-லும் இங்கே பெரிய அளவில் அது நடந்தது. நான் நீந்திய இடத்திலும் பாதிப் பார் சாம்பல் நிறம். ஒடிந்த விறகுபோல் கிடந்தது. விளம்பரப் படங்களில் அது இருக்காது.

2009 அக்டோபர் 17 அன்று இந்த நாட்டின் அமைச்சரவை நீருக்கடியில் கூடிக் கையெழுத்துப் போட்ட படம் உலகம் முழுக்கப் போனது. தூத்துக்குடிக்காரி எனக்குத் தீவு கடலில் மூழ்கிவிடும் என்ற அந்தப் பயம் புரிவதற்குப் படம் தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளியில் படித்தோம். அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று கடலுக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம், தீவு நின்ற காலையே எடுத்துவிட்டோம். எங்கள் தெருவின் பழைய வீட்டுச் சுவர்களில் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. தண்ணீரில் மிதந்துகொண்டே அதை நினைத்தபோது கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது.

கரையேறியதும் அவரிடம் சொன்னேன். அதிலிருந்து வேறொரு பேச்சு வந்தது. இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் பேசாத பேச்சு.

2023 டிசம்பர் 17. எங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவுத் தண்ணீர். மாமியாரை நாற்காலியோடு மொட்டை மாடிக்கு ஏற்ற நானும் மகளும் பட்ட பாடு. செல்போன் செத்துவிட்டது. அவர் துணைமின் நிலையத்தில் இருந்தார். நான்கு நாள் வரவில்லை. வந்தபோது காலெல்லாம் சேற்றுப்புண். அன்று நான் அழவில்லை, சண்டை போடவில்லை, சோறு போட்டேன். ஆனால் உள்ளே ஒரு கல் கிடந்தது. அதைத்தான் அந்தத் திண்ணையில் எடுத்து வைத்தேன். "ஊருக்கெல்லாம் லைட் போட்டீங்க. நாங்க உயிரோட இருக்கோமான்னு ஒரு ஆள விட்டுப் பாக்கலியே."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், இரண்டாம் நாள் இரவு இடுப்பளவுத் தண்ணீரில் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்தாராம். கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்ததாம். அதைக் கடந்து வரப் பயந்து, மொட்டை மாடியில் டார்ச் வெளிச்சம் அசைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். "பயந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். அந்த டார்ச் என் கையில் இருந்தது.

ஒரு தீவுக்குப் போய்த்தான் இதைப் பேச வேண்டுமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பேச முடிந்திருந்தால் இரண்டு வருடத்தில் பேசியிருப்போம். அழைப்புமணி அடிக்காத, குக்கர் கூப்பிடாத நான்கு நாள் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதற்காக மகள் கொடுத்த பணம் வீண் இல்லை.

பூவிதழ் தூவியவர்

'25' எழுதியவர் யார் என்று நான்காம் நாள்தான் கேட்டேன். அறை சுத்தம் செய்ய வந்த பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்காவுக்கு தூத்துக்குடியா?" என்றார். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். வந்து ஒன்பது மாதம். வங்காளதேசம், இலங்கை, நேபாளம், கேரளம், நம் கன்னியாகுமரி மாவட்டம் என்று பல ஊர்க்காரர்கள் தீவின் நடுவில், விருந்தினர் கண்ணில் படாத வரிசை வீடுகளில் தங்குகிறார்கள். மாலத்தீவுக்காரர்களும் அப்படித்தான். மனைவி பிள்ளைகள் வேறு தீவில், மாதம் ஒருமுறை படகு பிடித்துப் போவார்கள். விடுதித் தீவில் யாருடைய குடும்பமும் வாழ முடியாது.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"ஆச்சுக்கா. போன மாசம் ரெண்டு வருசம் முடிஞ்சுது. பிள்ளைக்கு ஏழு மாசம். வீடியோல பாத்திருக்கேன்."

பிள்ளை பிறக்கும் முன்னே கிளம்பி வந்தவர். தன் மணநாள் அன்று ஆறு வில்லாக்களில் பூ தூவியிருக்கிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. சம்பளம் நேரத்துக்கு வருகிறது, சாப்பாடு நல்லா இருக்கு, கடன் பாதி அடைந்தது என்றார். இதற்கு நான் என்ன சொல்ல? தம்பதிகளின் தனிமை என்று நாம் விலை கொடுப்பதை, தம் இணையைப் பிரிந்து வந்தவர்கள்தான் கட்டிக் கொடுக்கிறார்கள். இந்தத் தொழில் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், நாம் போகாவிட்டால் அவர் கடன் அடையாது. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டம் வழியாகத்தான் ஊருக்குப் போவோம் என்று என் கணவர் தற்செயலாகச் சொன்னார். பையன் முகம் மாறியது. மாலையில் ஒரு சின்னப் பொதியோடு வந்தார்.

ஊர்த் தீவில் ஒரு பகல்

கடைசி நாளுக்கு முந்தைய பகல் பக்கத்து ஊர்த் தீவுக்குப் படகில் போனோம். முக்கால் மணி நேரத்தில் தீவின் எல்லாத் தெருவையும் நடந்து முடித்துவிடலாம். வெள்ளை மணல் தெரு, விளக்குமாறு பட்ட வரி அழியாமல். மரத்தடியில் இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னித் தொங்கவிட்ட ஜோலி நாற்காலிகள், அதில் சாய்ந்தபடி பெரியவர்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். நான் சேலையில் இருந்ததால் பெண்கள் தயங்காமல் கூப்பிட்டார்கள். ஓர் அம்மாள் வீட்டில் மஸ்ஹுனி சாப்பிட்டோம். சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சைச் சாறு விட்டுக் கையால் பிசைந்தது, சுடச்சுட ரோஷி ரொட்டியோடு. இது இவர்களின் காலை உணவு. விடுதியில் நாற்பது வகைத் தட்டுகளின் மூலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆறிக் கிடந்தது இதேதான்.

அந்த அம்மாள் வீட்டுப் பின்கட்டில் மீன் வெந்து, புகை பட்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கட்டை கட்டையாக மாசி. ஒரு சூரையும் வலையில் பட்டதில்லை, தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்தது. அரைக் கிலோ வாங்கினேன். 'தூத்துக்குடி' என்றதும் அவர் மாமனார் அங்கே போய் வந்த கதையைச் சைகையால் சொன்னார். தோணி, வெங்காயம், சேலை. அப்பாவின் மண்டிக்கு வந்த ஆளாகக்கூட இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியில்லை, ஆனால் அந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம் எனக்கு நீர்வீட்டைவிடப் பெரிதாக இருந்தது.

2009-க்குப் பிறகுதான் இத்தகைய ஊர்த் தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த அரசு வழி திறந்தது. அதுவரை சுற்றுலாப் பணம் தீவு விடுதிகளோடு நின்றது. இப்போது ஊர்க்காரர்களே நாலைந்து அறை கட்டி நடத்துகிறார்கள். வாடகை பல மடங்கு குறைவு, பசுமை வரியும் பாதி. மது கிடையாது, நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை, வெள்ளிக்கிழமை கடைகளும் படகுகளும் தொழுகைக்காக நிற்கும். நம் குடும்பங்களுக்கு இதில் எதுவும் கஷ்டம் இல்லை.

அதனால் என் தீர்ப்பு இது: மணநாளுக்கு மாலத்தீவு போகிறவர்களுக்கு நீர்வீட்டில் மூன்று இரவு போதும். மூன்றுக்கு மேல் அதே நீலம்தான். மிச்சம் இரண்டு இரவை ஊர்த் தீவுக்குக் கொடுங்கள். செலவு குறையும், பேசுவதற்கு ஆளும் கிடைப்பார்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காற்று, கடல் தெளிவு. மே முதல் தென்மேற்குக் காற்று, மழை, அலை. ஆனால் திருக்கை மீன்கள் கூட்டமாக வருவது அந்தக் காலத்தில்தான். மிதவை விமானத்தில் பயணம் என்றால் மாலேயில் நண்பகலுக்குள் இறங்கும்படி பயணச்சீட்டு எடுங்கள். பெட்டி 20 கிலோவுக்கு மேல் இருந்தால் கூடுதல் கட்டணம். இந்தியருக்கு விசா முன்கூட்டி வேண்டாம், ஆனால் பயண விவரத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். மது எடுத்துப் போகக் கூடாது. வழிபாட்டுக்கான சிலைகளும் கூடாது. அம்மாவின் சிறு பிள்ளையாரை நான் வீட்டுப் பூசை அலமாரியிலேயே விட்டுப்போனேன். வரும்போது மணல், சங்கு, பவளத்துண்டு எதையும் எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம். தீவில் தீர்ந்த பேட்டரி, காலிக் குப்பி, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே புதைக்க இடம் இல்லை.

திரும்பும் வழியில் மார்த்தாண்டத்தில் காரை நிறுத்தினோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு மாமனாரைக் கூட்டிக்கொண்டு நின்றாள். பொதியைக் கொடுத்தோம். அதில் ஒரு குழந்தைச் சட்டை, பால்மாவு டின், வளையல், ஒரு கடிதம். பிரித்துப் பார்க்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க மெலிஞ்சிருக்காங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நல்லா இருக்கார்" என்றார் என் கணவர். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பையனுக்கு விடுமுறை மார்ச் மாதம். இருபத்தொரு நாள்.